எருக்குழியும் புழுக்களும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வீட்டுத் தோட்டத்து எருக்குழியைக் கிளறும்போதும், பூந்தொட்டியில் மண்ணை மாற்றும்போதும், வெள்ளை வெளேரென்று உடலை வளைத்துக்கொண்டு கிடக்கும் கொழுத்த புழுக்களைப் பற்றியதே இப்பேச்சு. தோட்டம் போடுகிறவர்களுள் இவற்றைக் காணாதவர் இலர். கண்டவர்கள் செய்வதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். ஒரு சாரார், புழு என்றாலே பகை என்று எண்ணி, அகப்பட்டதையெல்லாம் நசுக்கிவிடுவர். மற்றொரு சாரார், எருவில் புழு இருப்பது இயல்புதானே என்று, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவர். இவ்விரண்டு பிழைகளையும் என் வாழ்நாளில் நான் செய்திருக்கிறேன். ஆகையால் இவ்விரண்டையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

முதற்பிழையை முதலில் சொல்லுகிறேன். நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு தோட்டம் இருந்தது. கத்தரி, வெண்டை, சில ரோஜாச் செடிகள், மூலையில் ஓர் எருக்குழி. ஒருநாள் மாணவர்கள் குழியைக் கிளறிய போது நிறையப் புழுக்கள் வெளிப்பட்டன. "எல்லாவற்றையும் பொறுக்கிச் சாம்பலில் போடுங்கள்" என்று ஆணையிட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் குனிந்தபடியே நின்றான். "ஐயா, இந்தப் புழு மல்லாந்து படுத்துக்கிட்டே நடக்குதே, ஏன் ஐயா?" என்று கேட்டான். மணி அடிக்கும் நேரம். "கேட்டதைச் செய்" என்று கூறிவிட்டேன். அவனும் செய்தான். அச்சிறுவன் அன்று கேட்ட கேள்வியில்தான் இவ்விஷயத்தின் திறவுகோல் இருந்தது என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

எருவிலும் மண்ணிலும் நாம் காணும் கொழுத்த புழுக்கள் ஒரே இனம் அல்ல. நம் வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் தென்படுபவை நான்கு வகை. அவற்றுள் இரண்டு நமக்கு ஊழியம் செய்பவை. இரண்டு தீமை செய்பவை. இவற்றை வேறு பிரித்தறிய நுண்பெருக்கியோ ஆய்வுக்கூடமோ வேண்டா. ஒரு சிமெண்டுத் தரையும், இரண்டு நிமிடப் பொறுமையும் போதும்.

முதலாவது, பூவண்டின் புழு. பூக்களில் அமர்ந்து மகரந்தத்தையும் மென்மையான இதழ்களையும் தின்னும் வண்டுகளின் பிள்ளை இது. இதன் தலை சிறியது. கால்கள் குட்டையானவை. உடலின் பின்புறம் பருத்திருக்கும். இப்புழுவைத் தரையில் விட்டால், சற்று நேரம் சுருண்டு கிடந்து, பின்பு மல்லாந்து படுத்து, கால்கள் ஆறும் வானத்தை நோக்கியிருக்க, முதுகை அலை அலையாக அசைத்துக்கொண்டு வேகமாக முன்னேறும். முதுகின் மேலுள்ள கட்டை மயிர்கள் தரையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அன்று என் மாணவன் கண்டது இதையே. பிரான்சு நாட்டில் 1823 முதல் 1915 வரை வாழ்ந்த ழான் ஆன்றி ஃபாபர் என்னும் அறிஞர் இப்புழுவின் விந்தை நடையைக் கண்டு வியந்து விரிவாக எழுதியிருக்கிறார். அவரும் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவரே. ஓர் ஆசிரியர் நின்று பார்த்து நூலில் எழுதினார். மற்றோர் ஆசிரியர் நின்று பார்த்த மாணவனை விரட்டினார். வேறுபாடு அவ்வளவே.

இப்பூவண்டின் புழு உயிருள்ள வேரை நாடுவது அரிது. மக்கிய இலை, சருகு, சாணம், உளுத்த மரம் ஆகியவற்றையே தின்னும். தின்றதை உருண்டை உருண்டையாகக் கழிக்கும். அவ்வுருண்டைகள் நல்ல உரம். ஆகவே எருக்குழியில் இதனைக் கண்டால் விட்டுவிடலாம். சிறிய பூந்தொட்டியில் பல புழுக்கள் சேர்ந்துவிட்டால் மட்டும், அவை மண்ணைக் குடைந்து வேரின் பிடியைத் தளர்த்தும். அப்போது எடுத்து மீண்டும் எருக்குழியில் போட்டுவிட்டால் அவற்றுக்கும் நலம், செடிக்கும் நலம்.

இரண்டாவது, கால்களே இல்லாத புழு. தட்டையாக, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், தோல் தடித்து, கண்டம் கண்டமாக இருக்கும். அடுக்களைக் கழிவுகளைப் போடும் வாளிகளில் இவை நூற்றுக்கணக்கில் நெளிவதைக் கண்டு பெண்மணிகள் பலர் அஞ்சுகின்றனர். வேளாண்மைத் துறையினர் ‘பிளாக் சோல்ஜர்’ என்று குறிப்பிடும் கரிய ஈயின் புழு இது. இந்த ஈ, வீட்டு ஈயைப் போல நம் உணவில் மொய்ப்பதில்லை. இதன் புழு காய்கறித் தோலையும், எஞ்சிய சோற்றையும் மிக விரைவாகத் தின்று தீர்க்கிறது. கோழிகளுக்கு இது சிறந்த தீனி. இப்புழு மிகுதியாகத் தோன்றினால் கழிவு ஈரமாகவும், சருகு குறைவாகவும் இருக்கிறது என்பது பொருள். இரண்டு கூடை உலர்ந்த சருகை இட்டுக் கிளறினால் தொகை குறைந்துவிடும்.

இனித் தீமை செய்பவை. மூன்றாவது வகை, வேர்ப்புழு. இது எருக்குழியைவிடத் தோட்டத்து மண்ணிலேயே மிகுதியாக இருக்கும். பாலாடை போன்ற வெண்ணிறம், மஞ்சள் கலந்த பழுப்புத் தலை, நன்கு வளர்ந்த கால்கள். தரையில் விட்டால் பிறைபோல் வளைந்து ஒருக்களித்துக் கிடக்கும். மல்லாந்து நடக்காது. இது தின்பது உயிருள்ள வேர். நிலக்கடலையும் கரும்பும் பயிரிடும் உழவர்கள் இதனை நன்கு அறிவார்கள். வீட்டுத் தோட்டத்தில், தண்ணீர் ஊற்றியும் ரோஜாச் செடி வாடுமானால், அதனை மெல்லப் பற்றி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பின்றிக் கையோடு வந்துவிட்டால், அடியில் இப்புழு வேரைக் கத்தரித்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இதன் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால் தடுக்கும் வழியும் தெரிந்துவிடும். கோடையின் முதற்பெருமழை பெய்து மண் நனைந்தவுடன், அந்தி மயங்கும் வேளையில், பழுப்பு நிற வண்டுகள் மண்ணிலிருந்து கூட்டமாக வெளிவந்து வேம்பு போன்ற மரங்களில் ஏறி இலைகளைத் தின்னும். பொழுது விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆதலால் முதல் மழைக்குப் பின் வரும் சில இரவுகளில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய், வேப்பங்கிளைகளை உலுக்கி, கீழே விழும் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டுவிட்டால், அவ்வாண்டுப் புழுக்களில் பெரும்பகுதி பிறவாமலே போய்விடும். மழைக்கு முன்னர்க் கோடையில் மண்ணை ஆழக் கொத்திப் புரட்டினால், மறைந்திருப்பவை மேலே வரும். மைனாவும் காகமும் கொக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மண்வெட்டியின் பின்னால் பறவைகள் நடந்துவருவது நம் உழவருக்குப் புதிய காட்சி அன்று.

நான்காவது வகையே இன்றைய பேச்சின் உட்பொருள். அது காண்டாமிருக வண்டின் புழு. தென்னைக்கு இதனைப்போன்ற பகை சிலவே. முற்றிய புழு கட்டைவிரலைவிடப் பருமனானது. தலை அகன்று, கடினமாய், செம்பழுப்பு நிறமாய் இருக்கும். தாடைகள் வலியவை. தரையில் விட்டால் ஒருக்களித்து வளைந்து கிடந்து தவிக்குமே அன்றி, மல்லாந்து நடக்காது. இதில் வியப்பு என்னவெனில், இப்புழு தென்னையை ஒன்றும் செய்வதில்லை. பூவண்டின் புழுவைப்போலவே மக்கியதைத் தின்று எருவில் அமைதியாக வளர்கிறது. தீங்கு செய்வது, அது வளர்ந்து சிறகு முளைத்து வண்டான பின்புதான். வண்டு இரவில் பறந்து சென்று, தென்னையின் விரியாத குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சுகிறது. குடைபட்ட ஓலை விரியும்போது, கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிய விசிறிபோல் தோன்றும். பெரிய மரமாயின் காய்ப்புக் குறையும். இளங்கன்றாயின் வளரும் முனையே அழிந்து கன்று பட்டுவிடும். அன்றியும், இவ்வண்டு செய்த புண்ணின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு புகுந்து, மரத்தின் உட்பகுதியைத் தின்று முடித்துவிடுவதும் உண்டு.

இப்பொழுது என் இரண்டாம் பிழைக்கு வருகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்த கஜாப் புயலை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஓர் இரவில் வீழ்ந்தன. என் ஊர் பட்டுக்கோட்டையை அடுத்த ஒரு சிற்றூர். அடுத்த தோட்டத்து அம்மையாருக்கு இருந்த தென்னைகள் அனைத்தும் சாய்ந்துவிட்டன. கணவரை இழந்தவர். தேங்காய் விற்ற பணமே அவருக்கு ஆண்டு வருமானம். மறு ஆண்டு மழைக்காலத்தில் ஐந்து தென்னங்கன்றுகளை வாங்கி, வேலியின் ஓரமாக நட்டார். அதே ஆண்டில் நான் பணியினின்று ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குத் தோட்டமே துணை என்று, வேலியின் இப்புறத்தில் ஓர் எருக்குழி வெட்டினேன். சாணம், சருகு, அடுக்களைக் கழிவு ஆகியவற்றோடு, புயலில் வீழ்ந்து உளுத்துக்கொண்டிருந்த தென்னந்தண்டின் துண்டுகளையும் அதிலேயே போட்டேன். வீணாகப் போவதை உரமாக்குகிறோம் என்ற பெருமிதம் எனக்கு.

குழியை நிரப்பினேனே தவிரப் புரட்டவில்லை. முதுகு வலிக்கும் வேலை அது. "தானே மக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். இடையில் ஒருமுறை கிளறியபோது பெரும்புழுக்கள் தென்பட்டன. பள்ளியில் செய்த பிழையை நினைத்து, "எருப்புழுக்கள் உரம் செய்பவை, கொல்லலாகாது" என்று எனக்கு நானே அறிவுரை கூறிக்கொண்டு மூடினேன். ஒரு பிழையினின்று தப்ப எண்ணி, அதற்கு நேர் எதிரான பிழைக்குள் புகுந்தேன். பள்ளியில் பாராமல் கொன்றேன். வீட்டில் பாராமல் காத்தேன். பார்க்கவில்லை என்பது இரண்டிலும் ஒன்றே.

2021-ஆம் ஆண்டில் அம்மையாரின் கன்றுகளில் ஓலைகள் விசிறிவெட்டாக விரிந்தன. சில திங்களில் இரண்டு கன்றுகளின் குருத்து வாடிச் சாய்ந்தது. இழுத்தால் கையோடு வந்தது. வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். கன்றைப் பார்த்துவிட்டு, "இங்கே எருக்குழி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அம்மையார் வேலிக்கு இப்பால் கை காட்டினார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலையே குழியை வெட்டிப் புரட்டினேன். எண்ணிப் பழகிய கை அல்லவா? எண்ணினேன். பெரும்புழுக்கள் மட்டும் 117. கூட்டுப்புழுக்களும், கொம்புடன் கூடிய சில வண்டுகளும் வேறு. ஒவ்வொரு புழுவையும் திண்ணையில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் மல்லாந்து நடக்கவில்லை. அப்பொழுதுதான் அச்சிறுவனின் கேள்வி நினைவுக்கு வந்தது.

மறுநாட்காலை அம்மையாரிடம் சென்று, "அக்கா, உங்கள் கன்றைத் தின்ற வண்டு என் குழியில் வளர்ந்தது" என்று சொன்னேன். இரண்டு கன்றுகள் வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கன்னு வாங்கிக்கலாம், வாத்தியாரையா. ரெண்டு வருசத்தை எங்கே வாங்குறது?" என்றார். சினந்து சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். விடை கூற முடியாத கணக்குகளுள் அதுவும் ஒன்று.

நேயர்களே, இந்த வண்டின் வரலாறு முழுவதும் பிறர் இடத்தில் வளர்ந்து வேறிடத்தில் அழிவு செய்த வரலாறே. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாத் தீவுக்கு ரப்பர்க் கன்றுகளை அனுப்பினார்கள். அக்கன்றுகளோடு இவ்வண்டும் போய்ச் சேர்ந்தது. தென்னையையே உயிர்நாடியாகக் கொண்ட தீவுகள் பலவற்றில் அது பரவிற்று. 2007-இல் குவாம் தீவிலும், 2013-இல் ஹவாயிலும் காணப்பட்டது. மக்கும் குப்பையும் உரமுமே அதற்குத் தொட்டிலாக இருப்பதால், அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கு ஹவாயில் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. என் சிறு குழியில் நடந்ததும் இதன் சிறு வடிவமே. வேலி மனிதனுக்கு உண்டு, வண்டுக்கு இல்லை.

இனி, செய்ய வேண்டுவது என்ன என்று பார்ப்போம்.

முதற்கடமை, குழியைப் புரட்டுதல். இவ்வண்டின் முட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிந்துவிடுகிறது. ஆனால் புழுப்பருவம் மூன்று திங்களுக்குக் குறைவதில்லை. ஆறு திங்கள்வரை நீள்வதும் உண்டு. ஆகவே இரண்டு திங்களுக்கு ஒருமுறை குழியை அடிவரை புரட்டுகிறவர், எந்தப் புழுவும் வண்டாகும் முன்னரே அதனைக் கண்டுவிடுவார். மருந்து வேண்டா, செலவு வேண்டா. நாட்காட்டியில் ஒரு குறி இட்டால் போதும். புரட்டும்போது பெரும்புழுக்களைத் தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து நடப்பது குழிக்குத் திரும்பட்டும். மற்றது கோழிக்குப் போகட்டும்.

புரட்டுதலில் மற்றொரு நன்மையும் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்து, நம் நாட்டு உழவர்களிடமிருந்து கற்றவற்றையும் சேர்த்து, மக்கு உரம் தயாரிக்கும் முறை ஒன்றை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகெங்கும் பெயர்பெற்றது அது. சருகு, பயிர்க்கழிவு, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, குறித்த காலங்களில் புரட்டுவதே அம்முறையின் உயிர். காற்றுப் புகுந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். கையை உள்ளே நுழைத்தால் பொறுக்க முடியாத சூடு அது. அச்சூட்டில் முட்டையும் புழுவும் பிழைப்பதில்லை. குளிர்ந்து, ஈரமாய், அசையாமல் கிடக்கும் குழியே வண்டுக்குப் பிரசவ விடுதி. ஆனால் குவியல் சூடேற வேண்டுமானால், நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடியேனும் இருத்தல் வேண்டும். ஒரு சிறு வாளியில் அச்சூடு உண்டாகாது. வாளியில் உரம் செய்பவர்கள் அதனை வலையால் இறுக மூடி வைப்பது நலம். வண்டு உள்ளே போய் முட்டையிட முடியாது.

இரண்டாவது, வீழ்ந்த தென்னை, பனைத் தண்டுகளை உளுக்கும்படி தோட்டத்தில் போட்டுவைத்தல் ஆகாது. புயலுக்குப் பின் ஊர்தோறும் கிடந்த தண்டுகளே இவ்வண்டுக்கு விருந்துக்கூடங்கள் ஆயின. அவற்றைப் பிளந்து உலர்த்தி விறகாக்கிவிடுவது நன்று.

மூன்றாவது, முதிர்ந்த எருவைச் செடிக்கு இடும்முன் சலித்தல். பழைய சாக்கு ஒன்றை வெயிலில் விரித்து, அதன்மேல் எருவை மெல்லிதாகப் பரப்பி, அரை நாள் விடுங்கள். புழுக்கள் வெயிலுக்கு அஞ்சி அடியில் சேரும். மைனாக்கள் தாமே வந்து சேரும். பின்பு சல்லடையில் சலித்துத் தொட்டிக்கு இடலாம். கடையில் வாங்கும் எருவையும், நண்பர் அன்புடன் கொடுத்தனுப்பும் எருவையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

நான்காவது, பெரிய குழி உடையவர்களுக்கு ஒரு துணைவன் இருக்கிறான். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணம் அது. இதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி, உள்ளே துளைத்துச் சென்று வளர்ந்து, புழுவைக் கொன்றுவிடுகின்றன. இறந்த புழு விறைத்து, முதலில் வெண்மையாகவும் பின்பு பாசிபிடித்தாற்போல் பச்சையாகவும் மாறும். 1879-ஆம் ஆண்டில் ஒடெசா நகரில் கோதுமையை அழித்த வண்டுகளைக் கொல்ல இப்பூஞ்சணத்தை ஆராய்ந்தவர் மெச்னிகாவ் என்னும் ருஷ்ய அறிஞர். பிற்காலத்தில், 1908-இல், நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவரும் அவரே. இப்பூஞ்சணத்தை உறையில் குறித்துள்ள அளவுப்படி நீரில் கலந்து, ஈரமான குழியில் தெளித்தல் வேண்டும். உலர்ந்த குழியில் பயன் தராது. இது பூவண்டின் புழுவையும் தாக்கக்கூடுமாதலால், காண்டாமிருகப் புழு இருப்பதைக் கண்ட பின்னரே இடுதல் முறை. இவ்வண்டைப் பீடிக்கும் ஒரு வைரசையும் ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1963-இல் மலேசியாவில் கண்டறிந்தார். அதனை 1967-இல் சமோவாவில் பரப்பியபோது வண்டின் கொடுமை பெரிதும் தணிந்தது. பகையை வெல்ல நஞ்சு ஒன்றே வழி என்பது இல்லை என்பதற்கு இவை சான்று.

ஐந்தாவது, தென்னை உடையவர்கள் செய்யத்தக்கது. ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணலைக் கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் இட்டுவந்தால் வண்டு அண்டுவது குறையும். ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்து, அகன்ற மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால், அந்நாற்றத்தை நாடிவரும் வண்டுகள் அதில் விழுந்து மடியும். குருத்தில் துளையும், துளை வாயில் மென்ற நாரும் தெரிந்தால், கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுத்துவிட வேண்டும்.

நஞ்சைப் பற்றி ஒரு சொல். என் இளமையில், எந்தப் புழுவைக் கண்டாலும் பி.எச்.சி. தூளைக் கைநிறைய அள்ளித் தூவுவார்கள். கைகழுவாமல் வெற்றிலை போட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மண்ணிலும் உணவிலும் நெடுங்காலம் தங்கும் அந்நஞ்சு நம் நாட்டில் 1997-இல் தடை செய்யப்பட்டது. எருக்குழியில் நஞ்சிடுவது, அடுப்பில் தண்ணீர் ஊற்றிச் சோறு வேகும் என்று காத்திருப்பதை ஒக்கும். மண்புழு மடியும், நுண்ணுயிர் மடியும், மக்கும் வேலை நின்றுபோகும். மிஞ்சிய நஞ்சு கீரைப் பாத்தி வழியாக நம் இலைக்கே வந்து சேரும். இரண்டு திங்களுக்கு ஒருநாள் முதுகு வலிப்பதற்கு ஈடாக இதனை யாரும் விரும்பமாட்டார் அல்லவா?

என் தோட்டத்தில் இப்பொழுது ஒற்றைப்படைத் திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை குழியைப் புரட்டுகிறேன். அடுத்த தோட்டத்து அம்மையாரின் கோழிகள் மண்வெட்டி ஓசை கேட்டவுடன் வேலியைத் தாண்டி வந்துவிடுகின்றன. சில வேளை அம்மையாரும் வந்து குழியின் கரையில் நிற்பார். புழு கிடைத்தால் தரையில் விட்டு இருவரும் பார்ப்போம். "இது நடக்குது, வாத்தியாரையா. இது நல்லது" என்று எனக்கு முன்னரே அவர் சொல்லிவிடுவார். 2019-இல் நட்டவற்றுள் தப்பிய மூன்று தென்னைகளும் பாளை விட்டுவிட்டன. பின்னர் நட்ட இரண்டும் அவற்றின் நிழலில், இரண்டு ஆண்டு பின்தங்கி, வளர்ந்துகொண்டிருக்கின்றன. வேலியோரம் நடக்கும்போதெல்லாம் அந்த உயர வேறுபாடு என் கண்ணில் படாமல் போவதில்லை.

உங்கள் வீட்டு எருக்குழியைக் கடைசியாக எப்பொழுது அடிவரை புரட்டினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லையாயின், வரும் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை எடுங்கள். வீட்டில் சிறுவர் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். புழு எவ்வாறு நடக்கிறது என்பதை அவர்களே பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். அவர்கள் ஏன் என்று கேட்டால், தயவுசெய்து நின்று விடை கூறுங்கள்.